நான்கு மேளங்களும் கழற்றிய கட்டைகளும்: குழு இசை சிகிச்சையின் இரு வழிகள்

வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒரு குழந்தையோடு தனியே உட்கார்ந்து இசை சிகிச்சை செய்கிறவருக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. குழந்தை எப்போது எதைத் தட்டினாலும் அவர் உடனே பதில் தரலாம். வேகமாகத் தட்டினால் கூடவே ஓடலாம். நிறுத்தினால் நிற்கலாம். அழுதால் அந்த அழுகை எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதையே பிடித்துக்கொண்டு பாடலாம். அதே அறைக்குள் ஆறேழு குழந்தைகள் வந்துவிட்டால் இந்தச் சௌகரியம் போய்விடுகிறது. ஒருவன் காதைப் பொத்திக்கொள்கிறான். ஒருத்தி கையில் கிடைத்த மேளத்தை யாருக்கும் விடமாட்டேன் என்கிறாள். இன்னொரு குழந்தை சுவரைப் பார்த்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. மூளை முடக்குவாதத்தால் சக்கர நாற்காலியில் இருப்பவன் குச்சியைத் தூக்கி முடிப்பதற்குள் பாட்டு இரண்டு அடி தாண்டிப் போய்விடுகிறது. இவர்களில் யாரைப் பின்தொடர்வது?

இந்தக் கேள்விக்குச் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏறக்குறைய பத்தாண்டு இடைவெளியில் இரண்டு பதில்கள் உருவாகின. ஒன்று, பால் நார்டாஃப் என்ற அமெரிக்க இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயச் சிறப்பாசிரியரும் 1959-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வழி. மற்றது, கெர்ட்ருட் ஓர்ஃப் 1970 முதல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக் குழந்தைகள் மையத்தில் வளர்த்தெடுத்த வழி. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் குழந்தை சும்மா உட்கார்ந்து கேட்பதில்லை, தானே வாசிக்கிறது. இசைப் பயிற்சி எதுவும் முன்கூட்டித் தேவையில்லை. மேளம், சிம்பல், சைலோஃபோன் என்று கருவிகள்கூடப் பல பொதுவானவை. அதனால் பாடநூல்கள் இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகின்றன. அது போதாது என்று நினைக்கிறேன். ஒரு குழுவைக் குழுவாகச் சேர்த்துப் பிடிப்பது எது என்ற இடத்தில் இரண்டும் பிரிகின்றன. நார்டாஃப்-ராபின்ஸ் வழியில் அது இயற்றப்பட்ட பாட்டு. ஓர்ஃப் வழியில் அது குழந்தைகளுக்கு நடுவே கிடக்கும் கருவி. இந்த வேறுபாட்டிலிருந்துதான் மற்றவை எல்லாம் கிளைக்கின்றன.

நார்டாஃப் 1909-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். ஜூலியர்டில் படித்தவர், தேர்ந்த பியானோ கலைஞர். நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாமுக்கு இசையமைத்தவர், பார்ட் கல்லூரியில் பேராசிரியர். கல்லூரி விடுப்பில் 1958-இல் ஐரோப்பா வந்தவர், இங்கிலாந்தின் க்ளென்ட் என்ற ஊரிலிருந்த சன்ஃபீல்ட் குழந்தைகள் இல்லத்தில், பேச்சாலும் சைகையாலும் நெருங்க முடியாத குழந்தைகள் இசைக்குத் திரும்பிப் பார்ப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டே திரும்பி வந்தார். அங்கே ஆசிரியராயிருந்த ராபின்ஸோடு சேர்ந்து வேலை தொடங்கினார். பேராசிரியர் பதவியை விட்டார். ஐம்பது வயதில், கச்சேரி மேடைக்காக எழுதுவதை விட்டுவிட்டு, ஒரு குழந்தை ஒரே ஒரு முறை மணியடிக்க வேண்டிய இடத்தை யோசித்துப் பாட்டெழுதும் வேலைக்கு அவர் வந்தது சாதாரண முடிவு இல்லை.

சன்ஃபீல்ட் இல்லம் ருடால்ஃப் ஸ்டைனரின் ஆன்மிகச் சிந்தனை வழி நடந்த இடம். ஒவ்வொரு குழந்தையின் உள்ளேயும் குறைபாடு தொடாத ஒரு பகுதி இருக்கிறது என்ற நம்பிக்கையை நார்டாஃபும் ராபின்ஸும் அங்கிருந்து பெற்றார்கள். பின்னாளில் அதை ‘இசைக் குழந்தை’ என்று அழைத்தார்கள். இந்த நம்பிக்கையோடு இன்னொரு பழக்கமும் அவர்களிடம் இருந்தது. ஒவ்வொரு அமர்வையும் ஒலிநாடாவில் பதிவு செய்து, பிறகு திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த நொடியில் எந்தக் குழந்தை என்ன செய்தது என்று குறித்து வைப்பார்கள். பிற்பாடு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் குழந்தை மனநலப் பகல்நேரப் பிரிவில், அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் நிதியுதவியோடு 1962 முதல் 1967 வரை அவர்கள் செய்த பணிக்கு இந்தப் பதிவுகளே முதுகெலும்பு. ஆன்மிக நம்பிக்கையும் ஒலிநாடாவும் ஒரே அறையில் இருந்தன என்பதை அவர்களைக் குறைசொல்கிறவர்களும் புகழ்கிறவர்களும் பல நேரம் மறந்துவிடுகிறார்கள்.

கெர்ட்ருட் ஓர்ஃப் வந்த பாதை வேறு. 1914-இல் பிறந்த அவர், 1939 முதல் 1953 வரை இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் மனைவி. கார்ல் ஓர்ஃபும் குனில்ட் கீட்மனும் உருவாக்கிய ஷுல்வெர்க் என்ற குழந்தைகளுக்கான இசைக் கல்வி முறையின் வேலைகளில் உடனிருந்தவர். அந்த முறையின் வேர் 1924-இல் மியூனிக்கில் தொடங்கிய குந்தர் பள்ளியில் இருக்கிறது. கார்ல் மேண்ட்லர் என்ற கருவி வினைஞர் அவர்களுக்காகச் சிறு சைலோஃபோன்களைச் செய்து கொடுத்தார். 1948-இல் பவேரிய வானொலி ஷுல்வெர்க் பாடங்களை ஒலிபரப்பத் தொடங்கியபின் அந்தக் கருவிகள் ஜெர்மன் பள்ளிகளுக்குள் நுழைந்தன. ஆனால் அந்தப் பள்ளிகளுக்கு வெளியே நிறுத்தப்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். கெர்ட்ருட் ஓர்ஃப் அந்தக் கருவிகளை அவர்களிடம் கொண்டுபோனார்.

அவர் சேர்ந்த மையத்தை 1968-இல் தொடங்கியவர் தியோடர் ஹெல்ப்ருக்கே, குழந்தை மருத்துவர். விடுதிகளில் வளர்ந்த கைக்குழந்தைகளைக் கவனித்து, தாய்மடியும் பேச்சுத் துணையும் இல்லாத இடத்தில் பேச்சும் சமூகப் பழக்கமுமே பெரிதும் பின்தங்குகின்றன என்று கண்டவர். மையத்தின் மருத்துவர், உடற்பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சியாளர், இசை சிகிச்சையாளர் எல்லோரும் ஒரே குழந்தையைப் பற்றிக் கூடிப் பேசுவார்கள். மையத்தையொட்டி மான்டிசோரி முறைப் பள்ளி ஒன்றும் நடந்தது. குறைபாடுள்ள குழந்தைகளும் இல்லாத குழந்தைகளும் அங்கே ஒரே வகுப்பில் படித்தார்கள். ஆக, நார்டாஃப் கச்சேரி உலகத்திலிருந்து வந்தார், கெர்ட்ருட் ஓர்ஃப் மருத்துவமனைக் குழுவின் ஓர் உறுப்பினராக வந்தார். ஒருவர் ‘இந்தக் குழந்தைக்கு என்ன இசை எழுதலாம்’ என்று யோசித்தார். மற்றவர் ‘இந்தக் குழந்தையின் கை, காது, கண் மூன்றும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன’ என்று முதலில் பார்த்தார்.

இரு வழிகளையும் பிரித்துக் காட்ட எனக்குத் தெரிந்த மிக நல்ல இடம், தவறான சுரம்.

ஓர்ஃப் சைலோஃபோனின் கட்டைகளைக் கழற்றலாம். மேற்கத்திய சுரவரிசையில் நான்காவதையும் ஏழாவதையும் எடுத்துவிட்டால் ஐந்து சுரங்கள் மிஞ்சும். நம் கணக்கில் சொன்னால் மத்திமமும் நிஷாதமும் போய், ச ரி க ப த நிற்கும். அது மோகனம். மோகனத்தின் ஐந்து சுரங்களை எந்த வரிசையில், யார் எப்போது தட்டினாலும் காதுக்கு இடறாது. ஐந்து குழந்தைகள் ஐந்து சைலோஃபோன்களில் ஒருவரையொருவர் பார்க்காமல் தட்டினாலும் கேட்கக்கூடிய ஏதோ ஒன்று வரும். பிழை செய்வதற்கான வாய்ப்பையே கருவியிலிருந்து கழற்றி வைத்துவிடுகிறார்கள். நாள் முழுக்க ‘அப்படிச் செய்யாதே, இப்படிச் செய்’ என்று கேட்டுக் கேட்டுக் கையை இழுத்துக்கொள்ளப் பழகிய குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்தக் குழந்தைகளின் பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை.

நார்டாஃப் கட்டைகளைக் கழற்றவில்லை. அவரிடம் பியானோ இருந்தது. குழந்தை தட்டிய சுரம் எதுவானாலும் அதற்கு அடியில் ஒரே நேரத்தில் ஒலிக்கும் பொருத்தமான சுரக்கூட்டை வைத்து, அந்தச் சுரம் அங்கே வேண்டியதுதான் என்று ஆக்கிவிடுவார். ஒரே சுரத்தைப் பத்து முறை தட்டும் குழந்தையின் கீழே பத்து வெவ்வேறு சுரக்கூட்டுகள் நகர்ந்தால், மாறாத அந்த ஒரு சுரம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும். தவிர, அவர் இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர். முரண்சுரங்களுக்கு அஞ்சாதவர். கோபமும் பதற்றமும் குழந்தையிடம் இருக்கும்போது இசை மட்டும் இனித்துக்கொண்டே இருந்தால் அது குழந்தையைத் தனியே விட்டுவிடும் என்பது அவர் எண்ணம். ஸ்பானியச் சாயல், இடைக்கால ஐரோப்பியத் தேவாலய இசையின் சாயல், கீழ்த்திசைச் சாயல் என்று எதை வேண்டுமானாலும் அழைப்பார். ஐந்து சுர வரிசையும் அவற்றுள் ஒன்று, அவ்வளவே.

இங்கே ஒரு விலை இருக்கிறது. மோகனத்தில் தவறு வராது என்றால், எதிர்பார்ப்பும் அதிகம் வராது. இழுவையும் தீர்வும் இல்லாத இடத்தில் ‘இதோ இப்போது என் முறை’ என்று குழந்தையைக் காத்திருக்க வைப்பது எது? நார்டாஃபின் சுரக்கூட்டுகள் ஓர் இடத்தை நோக்கிச் சாய்ந்துகொண்டே போய், அதை அடையாமல் நின்றுவிடும். அடைவிக்க வேண்டிய சுரம் ஒரு குழந்தையின் கையில் இருக்கும். மறுபக்கம், அந்தச் சாய்வை உண்டாக்க அவரைப் போல் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். கட்டையைக் கழற்ற அப்படி யாரும் வேண்டாம்.

நார்டாஃபும் ராபின்ஸும் குழுக்களுக்காக நிறைய எழுதினார்கள். 1962-இல் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பாடல்களின் முதல் தொகுதி வந்தது. வணக்கம் சொல்லும் பாட்டு, ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் அழைக்கும் பாட்டு, விடைபெறும் பாட்டு எல்லாம் அவர்களுடைய அமர்வுகளின் நிலையான உறுப்புகள். இன்று பல நாடுகளின் சிறப்புப் பள்ளிகளில் காலையில் பெயர் சொல்லிப் பாடும் வழக்கத்தைக் காணலாம். எல்லாமே அவர்களிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாட்டை இவ்வளவு கவனமாக எழுத வேண்டிய கலைப்பொருளாக எடுத்துக்கொண்டவர்கள் வேறு பலர் இல்லை.

1968-இல் வெளிவந்த ‘நான்கு மேளங்களின் வேடிக்கை’ என்ற படைப்பைப் பாருங்கள். நான்கு மேளங்கள், பியானோ, ஒரு பாட்டு. அவ்வளவுதான் கருவித் தொகுதி. ஒவ்வொரு மேளத்துக்கும் ஒரு குழந்தை. தன் மேளத்தின் முறை வரும்வரை மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வேறு பாட்டுகளில் ரெசனேட்டர் பெல் என்ற ஒற்றைச் சுர மணிகளையும், ரீட் ஹார்ன் என்ற ஒற்றைச் சுர ஊதல்களையும் ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். நான்கு சுரம் உள்ள ஒரு மெட்டு நான்கு குழந்தைகளிடம் பிரிந்து கிடக்கும். ஒருவன் ஊதாவிட்டால் மெட்டில் ஓட்டை விழும். அந்த ஓட்டை எல்லோருக்கும் கேட்கும், முக்கியமாக அவனுக்கே கேட்கும். ராபின்ஸ் குழந்தைகளுக்கு முன்னால் நின்று கையால் அழைப்பார். நார்டாஃப் பியானோவில் காத்திருப்பார். ஒரு குழந்தை கையை உயர்த்த எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவு நேரம் அந்தச் சுரக்கூட்டு தாங்கி நிற்கும். தாளம் தவறிவிட்டதே என்ற கவலை இல்லை, ஏனென்றால் காத்திருப்பதையே இசை எழுதி வைத்திருக்கிறது.

என் கருத்தில் இதுதான் அவர்களுடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு. ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் ‘பக்கத்திலிருப்பவனைப் பார்’ என்று சொல்லிப் பயனில்லை. ஆனால் அவனுடைய சுரத்துக்கு முந்தைய சுரம் பக்கத்திலிருப்பவனிடம் இருந்தால், அவன் பார்க்கத் தேவை ஏற்படுகிறது. இன்னொருவர் இல்லாமல் தன் பங்கும் முழுமையடையாது என்ற நிலையை இசையின் அமைப்பே உண்டாக்குகிறது. குழு என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான பொருள் எனக்குத் தெரியவில்லை.

அவர்களுடைய ‘பிஃப்-பாஃப்-போல்ட்ரி’ இதையே நாடகமாக நீட்டிக்கிறது. கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஒரு குட்டிக் கதையில், துடைப்பம் கட்டுகிறவன் ஒருவன் காத்ரினெல்யே என்ற பெண்ணை மணக்க விரும்பி, அவளுடைய அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சம்மதம் கேட்கிறான். ஒரே கேள்வி, ஒரே பதில், மறுபடி மறுபடி. மாறாத ஒழுங்கை விரும்பும் குழந்தைகளுக்கு இதைவிட வசதியான கதை வாய்ப்பது கடினம். அதை அவர்கள் ‘இசையோடு கூடிய வேலை விளையாட்டு’ என்றார்கள். குழந்தைகள் உண்மையான துடைப்பத்தால் உண்மையாகவே பெருக்க வேண்டும். பியானோ அந்த வேலையின் வேகத்தைப் பிடித்துக்கொண்டு வரும். மேடையில் ஒரு குழந்தை குப்பையைக் கூட்டி முடிக்கும்வரை மற்ற எல்லோரும் அதைப் பார்த்துக் காத்திருப்பார்கள். சிறப்புப் பள்ளிகளில் இந்தக் குழந்தைகள் செய்யும் வேலையை யாரும் காத்திருந்து பார்ப்பது அரிது, பெரும்பாலும் பெரியவர்கள் பிடுங்கிச் செய்து முடித்துவிடுவார்கள்.

மியூனிக் வழியில் இப்படி எழுதி வைத்த படைப்பு நடுவில் இல்லை. கெர்ட்ருட் ஓர்ஃப் 1974-இல் வெளியிட்ட ‘ஓர்ஃப் இசை சிகிச்சை’ நூலில் கிரேக்கர்கள் பேச்சு, ஒலி, அசைவு மூன்றையும் பிரிக்காமல் இசை என்று கொண்டதை அடித்தளமாக வைக்கிறார். அவருடைய அறையில் சைலோஃபோனும் மேளமும் மட்டுமல்லாமல் பந்து, துணி, மரக்குச்சி போன்றவையும் இருக்கும். ஒரு கருவியை அவர் ஒலிக்காக மட்டும் எடுப்பதில்லை. பெரிய சிம்பல் பளபளக்கிறது, அதனால் அது கண்ணுக்கும் உரியது. பாஸ் சைலோஃபோனின் பெட்டியில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு ஏறுகிறது, அதனால் காது கேளாத குழந்தைக்கும் அது இசைக்கருவிதான். கனமான மேளத்தை ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்கு நகர்த்த இரண்டு பேர் வேண்டும். அந்த நகர்த்தலும் சிகிச்சையின் பகுதி. பார்வை, செவி, தொடுகை, உடலசைவு என்ற நான்கில் ஏதாவது ஒரு கதவு திறந்திருந்தால் போதும், கருவி அந்த வழியே உள்ளே போகும்.

1984-இல் வந்த ‘ஓர்ஃப் இசை சிகிச்சையின் அடிப்படைக் கருத்துகள்’ நூல் அவருடைய சொற்களைத் தொகுக்கிறது. அவற்றில் இரண்டு முக்கியம். ஒன்று ‘ஐஸோ’: குழந்தை இருக்கும் நிலையிலேயே போய்ச் சேர்ந்துகொள்வது. அது மேளத்தின் விளிம்பை நகத்தால் சுரண்டினால் நீங்களும் சுரண்டுங்கள். அது சுற்றி ஓடினால் அந்த ஓட்டத்துக்குத் தாளம் பிடியுங்கள். மற்றது ‘தூண்டுதல்’: சேர்ந்துகொண்டபின் எதிர்பாராத ஒன்றைச் செய்வது. பாட்டைப் பாதியில் நிறுத்துவது, குச்சியைத் தலைகீழாகப் பிடிப்பது, மேளத்தைக் கவிழ்த்து வைப்பது. குழந்தை நிமிர்ந்து பார்த்தால் ஏதோ தொடங்கிவிட்டது. ஐஸோ மட்டும் இருந்தால் குழந்தை அதே இடத்திலேயே சுகமாகத் தங்கிவிடும். தூண்டுதல் மட்டும் இருந்தால் மிரண்டுவிடும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதைத் தீர்மானிப்பது சிகிச்சையாளரின் கண்.

இங்கே குழு எப்படி உண்டாகிறது? ஒரு குழந்தை தற்செயலாகச் செய்ததை எல்லோரும் செய்யும் விளையாட்டாக ஆக்குவதால். சுரண்டியவன் அந்த நேரத்துக்குத் தலைவன் ஆகிறான். மற்றவர்கள் அவனைப் போல் சுரண்டுகிறார்கள். பிறகு இன்னொருத்தியின் கைதட்டல் வருகிறது. சிகிச்சையாளர் மாறாத ஒரு சிறு தாளக்கட்டை அடியில் ஓடவிட்டு, அதன் மேல் ஒவ்வொருவர் செய்வதும் வந்து போக இடம் தருகிறார். பாட்டு முன்னே இல்லை. அன்றன்று குழந்தைகளிடமிருந்து முளைக்கிறது. நார்டாஃபின் குழுவில் குழந்தை தனக்காக வைக்கப்பட்ட இடத்துக்கு வந்து சேர்கிறது. கெர்ட்ருட் ஓர்ஃபின் குழுவில் குழந்தை நிற்கும் இடத்துக்குக் குழு வந்து சேர்கிறது.

பெரியவர்கள் உட்காரும் விதத்திலும் இது தெரியும். நார்டாஃப்-ராபின்ஸ் அறையில் ஒருவர் பியானோவுக்கு முன்னால் இருக்கிறார். அவருடைய கைகள் பூட்டப்பட்டவை, முகம் எப்போதும் குழந்தைகளின் பக்கம் இருக்க முடியாது. அதனால்தான் இரண்டாவது ஆள் அவசியம். நார்டாஃபுக்கு ஒரு ராபின்ஸ் இல்லாமல் இந்த வழி பிறந்திருக்காது என்று துணிந்து சொல்வேன். குழந்தையின் கைக்குச் சற்று மேலே தன் கையை நிறுத்தி, தொடாமல் அழைக்கத் தெரிந்த ஆசிரியர் அவர். ஓர்ஃப் அறையில் சிகிச்சையாளர் தரையில் குழந்தைகளோடு உட்கார்ந்து, அவர்கள் வைத்திருக்கும் அதே கருவியை வைத்திருக்கிறார். குழந்தையால் செய்ய முடியாத எதையும் அவர் அங்கே வாசிக்கவில்லை. அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருப்பதும் மியூனிக் மரபில் இயல்பு. கெர்ட்ருட் ஓர்ஃபுக்குப் பின் அந்தப் பணியைத் தொடர்ந்த மெலனி வாய்ட், பெற்றோர் குழந்தையின் சிறு சமிக்ஞைகளை எப்படிப் படித்துப் பதிலளிக்கிறார்கள் என்பதையே சிகிச்சையின் மையப் பொருளாக வளர்த்தார். வீட்டுக்குப் போனபின் என்ன என்ற கேள்விக்கு இந்த வழி முதலிலேயே பதில் வைத்திருந்தது. பியானோவை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

இரண்டிலும் கெட்டுப்போகும் வழிகள் உண்டு. நார்டாஃப்-ராபின்ஸ் படைப்புகள் நன்றாக இருப்பதே அவற்றின் ஆபத்து. நாடகம் நன்றாக வருகிறதென்றால் ஆண்டு விழாவுக்குப் போடலாமே என்று பள்ளிக்குத் தோன்றும். அந்த நிமிடத்திலிருந்து மணி சரியான இடத்தில் அடிக்கப்படுவது குழந்தைக்காகவா பார்வையாளருக்காகவா என்பது குழம்பிவிடும். மெதுவான குழந்தையின் கையை ஒரு பெரியவர் பிடித்து மணியை அடித்துவிடுவார். ஓர்ஃப் கருவிகளின் ஆபத்து நேர்மாறு. அவை தவறவே தவறாதவை என்பதால், பயிற்சியில்லாத ஒருவர் அவற்றைக் கூடையோடு நடுவில் கொட்டிவிட்டு அதையே சிகிச்சை என்று சொல்லிவிட முடியும். ஆறு குழந்தைகள் ஆறு மூலைகளில் மோகனத்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அறை இனிமையாக ஒலிக்கும். ஒருவரும் ஒருவரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இது கற்பனை பயம் இல்லை என்பதைக் காட்டும் ஆய்வு ஒன்று இருக்கிறது. பெட்ரா கெர்ன், டேவிட் ஆல்ட்ரிட்ஜ் இருவரும் 2006-இல் வெளியிட்டது. அமெரிக்காவின் வட கரோலைனாவில், குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து பயிலும் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆட்டிசம் உள்ள நான்கு சிறுவர்கள். அவர்கள் விளையாட்டு மைதானத்தில் தனித்தே திரிந்தார்கள். ஆய்வாளர்கள் முதலில் மைதானத்தில் இசைக்கருவிகள் பொருத்திய ஒரு குடில் அமைத்தார்கள். சிறுவர்கள் அங்கே வந்தார்கள், தட்டினார்கள், விளையாட்டில் ஈடுபட்டார்கள். ஆனால் மற்றக் குழந்தைகளோடு உறவாடுவது குறிப்பிடும்படி கூடவில்லை. அடுத்த கட்டமாக ஒவ்வொரு சிறுவனுக்கும் அவனுடைய தேவைக்கேற்ற ஒரு பாட்டை இயற்றினார்கள். அதை ஆசிரியர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். கூடப் படிக்கும் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் சக குழந்தைகளோடு அவர்களுடைய கொடுக்கல் வாங்கல் கூடியது. நான்கு பேரை வைத்துச் செய்த சிறு ஆய்வு, அதை மிகைப்படுத்தக் கூடாது. ஆனாலும் கருவி குழந்தையை வரவழைக்கிறது, பாட்டுத்தான் குழந்தைகளைச் சேர்க்கிறது என்ற என் வாசிப்புக்கு இதைவிட நெருக்கமான சான்றை நான் கண்டதில்லை.

குழுவுக்கென்றே செய்யப்பட்ட இன்னோர் ஆய்வு பிளைத் லகாஸ் 2014-இல் வெளியிட்டது. ஆட்டிசம் உள்ள 6 முதல் 9 வயது வரையிலான 17 குழந்தைகள். ஒரு பகுதியினர் குழு இசை சிகிச்சையிலும், மற்றவர்கள் இசை இல்லாத சமூகப் பழக்கக் குழுவிலும் ஐந்து வாரங்களில் பத்து அமர்வுகள் கலந்துகொண்டார்கள். ஒவ்வொன்றும் 50 நிமிடம். இசைக் குழுவில் இருந்தவர்களிடம் மற்றவரைக் கண்ணால் நோக்குவதும், சக குழந்தையோடு சேர்ந்து ஒரே பொருளைக் கவனிப்பதும் கூடியிருந்தன. தானாகப் பேச்சைத் தொடங்குவது, பதில் சொல்வது, ஒதுங்கிப் போவது ஆகியவற்றில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. நார்டாஃபின் ஒற்றைச் சுர மணிகளை நினைத்துப் பார்த்தால் இந்த முடிவு வியப்பளிக்காது. அடுத்தவனைப் பார்ப்பதையும் ஒரே பொருளில் கவனம் வைப்பதையும் இசை நேரடியாகக் கேட்கிறது. பேச்சைத் தொடங்கும்படி அது கேட்கவில்லை.

பெரிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பார்கள். 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்பது நாடுகளில் 364 குழந்தைகளிடம் நடந்தது. உடனுக்குடன் வாசிக்கும் இசை சிகிச்சை, ஐந்து மாதம். ஆட்டிசத்தின் சமூக அறிகுறிகளை அளக்கும் தேர்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. இதைக் காட்டி இசை சிகிச்சை பயனற்றது என்று எழுதியவர்களும் உண்டு. அங்கே நடந்தது தனி அமர்வு என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 2022-இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளையும் 1165 பேரையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒட்டுமொத்த முன்னேற்றம், அறிகுறிகளின் கடுமை, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் நன்மை இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. சமூக உறவாடலிலும் பேச்சிலும் தெளிவான சான்று இல்லை என்றும் சேர்த்தே சொன்னது. இசை சிகிச்சை ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று பெற்றோரிடம் சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் படிக்க வேண்டும். நார்டாஃபும் கெர்ட்ருட் ஓர்ஃபும் அப்படி ஒரு வாக்குறுதியைத் தந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டில் எதை எடுப்பது என்று ஒரு பள்ளி கேட்டால் நான் குழந்தைகளைப் பார்த்துச் சொல்வேன். மிகச் சிறிய குழந்தைகள், பலவகைக் குறைபாடு ஒன்றாய்ச் சேர்ந்தவர்கள், காது கேளாதவர்கள், ஒலியைக் கேட்டாலே மிரள்கிறவர்கள் இருந்தால் மியூனிக் வழியில் தொடங்க வேண்டும். அங்கே குழந்தை எதையும் சாதிக்கும் முன்பே குழுவின் உறுப்பினன் ஆகிவிடுகிறான். வந்து உட்காரவும் ஒரு கருவியைத் தன்னுடையதாகக் கொள்ளவும் பழகியபின், இன்னொருவருக்காகக் காத்திருப்பதைக் கற்கும் பருவத்தில், எழுதப்பட்ட பாட்டு வேண்டும். அதற்கு மேல் ஐந்து சுரத்திலேயே நிறுத்தி வைப்பது குழந்தையைக் குறைவாக மதிப்பிடுவதாகும். பெரிய பியானோ வித்வான் கிடைக்காத இடத்தில் ஒரு ஆர்மோனியமும், ஒவ்வொரு குழந்தையின் கையும் எவ்வளவு நேரத்தில் உயரும் என்று தெரிந்த ஓர் ஆசிரியரும் போதும். பாட்டை அந்தக் குழந்தைகளுக்காகவே, அந்தக் கைகளுக்காகவே எழுத வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. வட கரோலைனா மைதானத்தில் வேலை செய்தவை ஏற்கெனவே இருந்த பாட்டுகள் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சிறுவனுக்காக எழுதப்பட்டது. சிகிச்சையாளர் பக்கத்தில் நின்று நடத்தாமல், வகுப்பாசிரியர்களே அவற்றைத் தினசரி விளையாட்டு நேரத்தில் பாடினார்கள். அருகிலிருந்த பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள்.